துணைக்கு வந்தோர்



மனநோயைப் பற்றிப் பேச வருகிறவர் நோயின் வகைகளையும் குறிகளையும் விரித்துரைத்து, இன்ன குறிக்கு இன்ன மருந்து என்று காட்டிச் செல்வது வழக்கம். அப்பணியைச் செய்யத்தக்க நிபுணர்கள் பலர் இருக்க, மருத்துவனல்லாத நான் அதில் தலையிடுவது முறையாகாது. வீட்டில் ஒருவருக்குச் சித்தம் பேதலித்தது என்று தெரிந்த நாள் முதலாக, தகுந்த சிகிச்சை கிடைத்து அவர் ஓரளவு நிலைபெறும் நாள் வரையில், அவரைச் சேர்ந்தவர்கள் எந்தெந்த வாசல்களில் போய் நிற்கிறார்கள், எந்த வாசல் அவர்களை உள்ளே அழைக்கிறது, எது நோயாளியை மட்டும் வாங்கிக்கொண்டு அவர்களை வெளியே நிறுத்துகிறது என்னும் ஒரு விஷயத்தை மாத்திரம் இன்று எடுத்துக்கொள்ள விரும்புகிறேன்.

பையன் இரவெல்லாம் உறங்காமல் கூடத்தில் உலாவுகிறான், தனக்குத்தானே பேசிச் சிரித்துக்கொள்கிறான், சோற்றில் ஏதோ கலந்திருக்கிறது என்று தட்டைத் தள்ளுகிறான் என்றால், நம் வீடுகளில் தாயார் முதலில் திருஷ்டி கழிக்கிறாள். பிறகு ஜாதகம் புரட்டப்படுகிறது. குலதெய்வத்துக்கு நேர்ந்துகொண்ட கடன் ஏதும் நின்றுபோயிற்றா என்னும் விசாரணை எழுகிறது. மாமன் முறையினர் ஒருவர் மந்திரித்துத் தாயத்துக் கட்டுகிறவரைச் சொல்கிறார். அத்தை ஒருத்தி, ஒரு கால்கட்டைப் போட்டால் எல்லாம் சரியாய்ப் போய்விடும் என்கிறாள். இந்த யோசனைகளுள் மிகக் கொடியது கடைசியாகச் சொன்னதேயாகும். ஏனெனில் மற்றவற்றால் வீட்டுப் பணமும் காலமுமே விரயமாகின்றன, இதனாலோ யாதும் அறியாத ஒரு பெண்ணின் வாழ்வு பணயமாக வைக்கப்படுகிறது. இவ்வளவும் நடந்து முடிந்த பிறகு, தெருக்கோடி டாக்டரிடம் தூக்கத்துக்கு மாத்திரை வாங்கி, அதுவும் பலிக்காத நிலையில்தான், ‘மன டாக்டர்’ என்று ஒருவர் இருப்பது நினைவுக்கு வருகிறது.

இந்த வரிசையைக் கண்டு படித்தவர்கள் நகைப்பதுண்டு. எனக்கு அந்த நகைப்பில் உடன்பாடில்லை. சற்று நின்று நோக்கினால், எது அருகில் இருக்கிறதோ, எது கையிலுள்ள காசுக்குள் அடங்குகிறதோ, எங்கே போனால் ஊரார் வாயில் விழாமல் திரும்பலாமோ, அங்கேதான் ஜனங்கள் முதலில் போகிறார்கள் என்பது விளங்கும். கோயிலுக்குப் போனவளை எவரும் கேலி செய்வதில்லை. சென்னைக் கீழ்ப்பாக்கத்து மனநோய் மருத்துவமனைக்குப் போய்வந்தவளின் தங்கைக்கு வரன் அமைவதில்லை. இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள வித்தியாசத்தை உணராமல், மூடநம்பிக்கை என்ற ஒரு சொல்லால் குடும்பங்களைத் தண்டித்துவிட்டு நாம் அப்பால் போய்விடுவது நியாயமாகாது.

திருச்சிராப்பள்ளியிலிருந்து முசிறி செல்லும் பாதையில், காவிரியின் வடகரையில் உள்ள குணசீலத்துப் பெருமாள் சந்நிதியில், சித்தம் கலங்கியவர்களை உறவினர் அழைத்துவந்து 48 நாள் தங்கியிருப்பது நெடுங்கால வழக்கம். இவ்வாறு தங்குவதால் ஏதேனும் பயன் உண்டா என்பதை விஞ்ஞான முறையில் சோதித்துப் பார்த்தவர்களும் உண்டு. தமிழ்நாட்டில் வேலாயுதம்பாளையம்புதூர் என்னும் ஊரிலுள்ள முத்துசுவாமி கோயிலுக்கு வந்து தங்கிய கடும் மனநோயாளிகள் 31 பேரை, மனநல மருத்துவர் ரகுராமும் அவருடைய தோழர்களும், வந்த நாளிலும் புறப்படும் நாளிலும் அளவுகோல் கொண்டு பரிசோதித்து, அதன் முடிவை 2002ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியிட்டார்கள். அங்கே மருந்து கொடுக்கப்படவில்லை. பேயோட்டுவது போன்ற சடங்கும் நடக்கவில்லை. வந்தவர்கள் சராசரியாக ஆறு வாரம் தங்கி, கோயிலின் சிறு வேலைகளில் கலந்துகொண்டு, உடன் வந்த உறவினரோடு இருந்தார்கள், அவ்வளவே. நோய்க்குறிகள் ஏறத்தாழ நூற்றுக்கு இருபது பங்கு தணிந்திருந்தன. அச்சுறுத்தலற்ற, ஆதரவான சூழலே இதற்குக் காரணமாகலாம் என்பது ஆய்வாளர் கருத்து.

இதைக் கேட்டுவிட்டு மருந்தை நிறுத்திக் கோயிலுக்குப் போகலாம் என்று எவரும் புறப்பட வேண்டாம். இருபது பங்கு தணிந்தது என்றால் எண்பது பங்கு எஞ்சியிருக்கிறது என்பதே பொருள். மேலும், மனச்சிதைவு போன்ற நோய்களில், நோய் தொடங்கியதற்கும் மருந்து தொடங்கியதற்கும் இடையே கழியும் காலம் நீள நீள, பின்னால் தேறுவது கடினமாகிறது என்பது பல தேசத்து ஆராய்ச்சிகளாலும் ஸ்தாபிதமான உண்மை. நான் அந்த முத்துசுவாமி கோயிலிலிருந்து எடுத்துக்கொள்ள விரும்புவது ஒன்றே. அங்கே நோயாளி தனியாகப் போகவில்லை. துணைக்கு வந்தவருக்கும் படுக்க இடம் இருந்தது.

அந்த இடத்தை நம்முடைய மருத்துவமனைகள் தர மறந்த வரலாறு நீண்டது. சென்னையில் கிழக்கிந்தியக் கம்பெனியார் ஆட்சியில், 1794ஆம் ஆண்டு, வாலன்டைன் கானலி என்னும் அறுவை மருத்துவரின் பொறுப்பில் புரசைவாக்கத்தில் தொடங்கிய மனநோயாளர் விடுதி, 1871இல் லோகாக் தோட்டத்துக்கு 145 நோயாளிகளோடு இடம் பெயர்ந்தது. அதுவே பிற்காலத்தில் அரசினர் மனநோய் மருத்துவமனையாகி, இன்று கீழ்ப்பாக்கம் மனநலக் காப்பகம் என்று எல்லோராலும் அறியப்படுகிறது. 1912ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, இத்தகைய இடத்தில் ஒருவரைச் சேர்ப்பதற்கு உறவினர் மாஜிஸ்டிரேட்டிடம் மனுக் கொடுத்து உத்தரவு பெற வேண்டியிருந்தது. மனுவில் கையெழுத்திட்டதோடு குடும்பத்தின் வேலை முடிந்தது; பெரிய மதில் ஒன்று இடையில் எழுந்தது; போட்டுவிட்டு வந்தவர்கள் சில ஆண்டுகளில் வருவதை நிறுத்திக்கொண்டார்கள். அவர்கள் கல்நெஞ்சர் என்பதை நான் நம்பவில்லை. தாங்கள் செய்யக்கூடியது ஒன்றுமில்லை என்று அவர்களுக்கு அந்த மதில் நாள்தோறும் உபதேசித்துக்கொண்டிருந்தது.

இந்த மதிலை முதலில் உடைத்தவர் ஒரு பஞ்சாபியர். 1950களின் தொடக்கத்தில் அமிர்தசரஸ் மனநோய் மருத்துவமனையின் கண்காணிப்பாளராக இருந்த டாக்டர் வித்யாசாகர், இடமின்றி நிரம்பி வழிந்த தம் மருத்துவமனையின் திறந்த வெளியில் கூடாரங்களை அடித்து, நோயாளிகளோடு அவர்களுடைய உறவினரையும் அங்கே குடியிருக்கச் செய்தார். நிர்ப்பந்தம் காரணமாக நிகழ்ந்த ஏற்பாடுதான். ஆயினும், தாயார் கையால் உணவு உண்ட நோயாளி விரைவில் தேறினான். தேறிய பிறகு அவனை ஏற்க வீடு தயாராயிருந்தது. பக்கத்துக் கூடாரத்தில் ஒருவன் தெளிந்து எழுவதைக் கண்ணால் கண்ட கிராமத்தார், இந்நோய் தீரக்கூடியது என்னும் செய்தியை ஊருக்குக் கொண்டுபோனார்கள். சில ஆண்டுகள் கழித்து, 1957இல், வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த மனநல மையம் டாக்டர் ஃபிளாரன்ஸ் நிக்கல்ஸ் அம்மையாரின் முயற்சியால் பாகாயத்தில் தொடங்கியபோது, குடும்பத்தார் உடன் தங்குவது அங்கே சிகிச்சையின் ஓர் அங்கமாகவே அமைந்தது. மேல்நாட்டு மனநல மருத்துவ நூல்கள் குடும்பத்தை நோய்க்குக் காரணம் என்று குற்றக்கூண்டில் நிறுத்தி வைத்திருந்த காலம் அது என்பதை நினைத்தால், இவ்விரு முயற்சிகளின் துணிவு புலப்படும்.

இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவர் என்று போற்றப்படும் டாக்டர் சாரதா மேனன், 1961 முதல் 1978 வரை கீழ்ப்பாக்கத்து மருத்துவமனையின் கண்காணிப்பாளராக இருந்தார். அவர் ஓய்வு பெற்ற பின், 1984இல், மனச்சிதைவு நோயாளிகளுக்கென ‘ஸ்கார்ஃப்’ என்னும் நிறுவனம் சென்னையில் தோன்ற மூலகாரணமாக இருந்ததையும் இங்கே குறிப்பிட வேண்டும். மருந்து வந்துவிட்டது, நோயாளி வீட்டுக்கும் போய்விட்டான், வீட்டுக்குப் போனவன் என்ன செய்வான் என்னும் கேள்வியே அவரை ஓய்வுக் காலத்திலும் ஓயவிடாமல் செய்தது. 1952இல் பாரிஸ் நகரத்தில் குளோர்ப்ரோமஸைன் என்னும் மருந்தின் குணம் வெளிப்பட்ட பிறகு, உலகெங்கும் மனநோய் மருத்துவமனைகளின் கதவுகள் மெல்லத் திறந்தன. ஆனால் கதவைத் திறந்த மருந்து, வெளியே வந்தவனுக்கு வேலையையோ நண்பனையோ கொடுத்துவிடவில்லை.

குடும்பம் எப்பொழுதும் அமுதமாகவே இருக்கும் என்று சொல்ல நான் துணியேன். லண்டனில் ஜார்ஜ் பிரவுன் முதலியோர் செய்த ஆராய்ச்சிகள், வீட்டார் ஓயாமல் குறை கூறுவதும், வெறுப்பைக் காட்டுவதும், அளவுக்கு மீறிக் கவலைப்பட்டுக் கண்காணிப்பதும் நோயை மீண்டும் கிளறிவிடுகின்றன என்பதை நிரூபித்தன. அவர்கள் கையாண்ட அளவுகோலைச் சண்டிகரில் பயன்படுத்திப் பார்த்தபோது, இந்தியக் குடும்பங்களில் குறைகூறும் வீடுகள் லண்டனைவிடக் குறைவாகவே காணப்பட்டன. இது நமக்குப் பெருமை தருவதுதான். ஆனால் அது கூட்டுக் குடும்பத்தின் சுமை பல தோள்களில் பகிரப்பட்டிருந்த காலத்துக் கணக்கு. இன்றைக்குப் புறநகர் அடுக்குமாடியில் இரண்டு அறைக்குள், வேலைக்குப் போகும் மகளும் விதவைத் தாயும் நோயாளி மகனும் மட்டும் வாழும் வீட்டில், ‘எவ்வளவு நேரம்டா படுத்தே கிடப்பே?’ என்று அந்தத் தாய் சலித்துக்கொண்டால் அவளைப் பழிப்பவர், அவளுக்குப் பதிலாக ஒரு நாள் அந்த வீட்டில் இருந்து பார்க்க வேண்டும். மகன் படுத்தே கிடப்பது சோம்பல் அன்று, நோயின் ஒரு குறியே என்பதை அவளுக்கு எவராவது உட்கார்ந்து விளக்கியதுண்டா? பெரும்பாலும் இல்லை. புறநோயாளிப் பிரிவில் அவளுக்குக் கிடைத்தது, மாத்திரைச் சீட்டும், அடுத்த மாதம் வரவேண்டிய தேதியுமே.

கவனிப்பாரற்ற குடும்பம் எங்கே போய் முடியும் என்பதற்கு ஏர்வாடியே சாட்சி. ராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடி தர்காவுக்கு எல்லா மதத்தாரும் மனநோயாளிகளை அழைத்து வருவது பழைய வழக்கம். மாதக்கணக்கில் உடனிருக்க இயலாதவர்களுக்காக, தர்காவைச் சுற்றிலும் தனியார் விடுதிகள் முளைத்தன. பணத்தை வாங்கிக்கொண்டு நோயாளிகளைச் சங்கிலியால் பிணைத்து வைத்திருந்தன. 2001ஆம் ஆண்டு ஆகஸ்டு 6ஆம் நாள் விடியற்காலையில் அவ்விடுதிகளுள் ஒன்றில் தீப்பற்றியபோது, கட்டுண்டு கிடந்த 28 பேர் ஓட முடியாமல் எரிந்து மாண்டார்கள். உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டது, விடுதிகள் மூடப்பட்டன. தீ விபத்து நடந்தது தர்காவில் அன்று, அதனருகே வாணிபம் செய்த விடுதியில் என்பதை நாம் நினைவிற்கொள்ள வேண்டும். பிற்காலத்தில் அரசாங்கம் தர்காவைப் பகைத்துக்கொள்ளாமல், பிரார்த்தனைக்கு வருபவர்களுக்கு அங்கேயே மனநல மருத்துவரும் மருந்தும் கிடைக்கும்படி ஓர் ஏற்பாட்டைச் செய்தது. பிரார்த்தனையை விடு, பிறகு மருந்து தருகிறேன் என்று சொல்லாமல், நீ வந்த இடத்துக்கே நான் வருகிறேன் என்று சொன்ன அந்த யோசனையை, நம் மாநிலத்து நிர்வாகம் செய்த விவேகமான காரியங்களுள் ஒன்றாக நான் கருதுகிறேன்.

இனி, இன்றைக்குத் திறந்திருக்கும் வாசல்களைப் பற்றிச் சற்று விவரமாகச் சொல்ல வேண்டும். ஏனெனில் இருக்கிற உதவி தெரியாமையால் தவிப்பவர்களே மிகுதி. பெங்களூரு நிமான்ஸ் நிறுவனம் 2015–16ஆம் ஆண்டுகளில் தமிழ்நாடு உள்ளிட்ட 12 மாநிலங்களில் நடத்திய தேசிய மனநல ஆய்வில், வயது வந்தோருள் நூற்றுக்கு 10.6 பேருக்கு ஏதேனும் ஒரு மனநலக் கோளாறு இருப்பதாகவும், நோய்க்குத் தக்கபடி நூற்றுக்கு 70 முதல் 92 பேர் வரையில் சிகிச்சையே பெறாதிருப்பதாகவும் கண்டார்கள். சிகிச்சை பெறுகிற குடும்பங்களுக்கும், மருத்துவத்தோடு போக்குவரத்தும் சேர்ந்து மாதம் 1000 முதல் 1500 ரூபாய் வரை செலவாயிற்றாம். கூலி வேலை செய்கிறவருக்கு அந்தப் பணத்தைவிட, பஸ்ஸில் கழியும் அந்த ஒரு நாள் கூலியே பெரிய நஷ்டம்.

மாவட்ட மனநலத் திட்டம் தமிழ்நாட்டில் முதன்முதல் 1997இல் திருச்சிராப்பள்ளியில் தொடங்கி, இன்று எல்லா மாவட்டங்களிலும் பரவியிருக்கிறது. ஒவ்வொரு மாவட்டத்திலும் ஒரு மனநல மருத்துவரும் அவருடன் ஒரு குழுவும் இருந்து, தாலுகா மருத்துவமனைகளுக்குக் குறித்த கிழமைகளில் வந்துபோகிறார்கள். எந்தக் கிழமை எந்த ஊர் என்பதை அருகிலுள்ள அரசு மருத்துவமனையில் ஓ.பி. சீட்டுக் கொடுக்கும் இடத்தில் விசாரித்தாலே தெரியும். ஆனால் விசாரிக்க வேண்டும் என்பதே பலருக்குத் தெரியாது. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவுகள் உண்டு. பொது மருத்துவமனையின் வாசல் வழியாகவே உள்ளே போவதால், யார் எதற்கு வந்தார் என்பதை அயலார் அறியமாட்டார். புதுக்கோட்டை மாவட்டத்துக் கிராமங்களுக்கு ஸ்கார்ஃப் நிறுவனம் ஒரு பஸ்ஸையே அனுப்பியது. பஸ்ஸுக்குள் உட்கார்ந்தபடியே திரையில் சென்னை மருத்துவரோடு பேசிவிட்டு, மருந்தையும் அங்கேயே பெற்றுக்கொள்ள முடிந்தது. 2022 அக்டோபர் 10 முதல் நாடெங்கும் இயங்கும் ‘டெலி மானஸ்’ தொலைபேசிச் சேவையின் எண் 14416. தமிழ்நாட்டில் ‘நட்புடன் உங்களோடு’ என்னும் பெயரில் நடக்கும் இச்சேவையில், எந்நேரமும் தமிழிலேயே, கட்டணமின்றிப் பேசலாம். நோயாளிதான் பேச வேண்டும் என்பதில்லை. பேச மறுக்கும் நோயாளியின் அண்ணனோ மனைவியோ பேசி, அடுத்து என்ன செய்வது என்று கேட்கலாம்.

2017ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டம் 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்தது. அதன் 18ஆவது பிரிவு, அரசாங்கத்தின் செலவிலோ உதவியிலோ நடக்கும் மனநலச் சேவையைப் பெறுவது ஒவ்வொருவருடைய உரிமை என்கிறது. அந்தச் சேவை நெடுந்தூரம் அலையாமல் கிடைக்க வேண்டும் என்கிறது. மாவட்டத்தில் குறைந்தபட்ச அரசுச் சேவைகூட இல்லையென்றால், அம்மாவட்டத்திலுள்ள வேறு மனநலச் சேவையை நாடலாம், செலவை அரசாங்கமே ஏற்க வேண்டும் என்கிறது. சட்டப் புத்தகத்தில் தூரத்தைப் பற்றிய கவலை இடம்பெற்றது அபூர்வமான செய்தி. அச்சட்டமே சங்கிலியால் பிணைப்பதைத் தடுக்கிறது. மயக்க மருந்தின்றி மின்னதிர்ச்சி கொடுப்பதைத் தடுக்கிறது. உடல் நோய்க்குரிய காப்பீட்டை மனநோய்க்கும் அதே அடிப்படையில் வழங்க வேண்டும் என்று காப்பீட்டுக் கம்பெனிகளைக் கட்டாயப்படுத்துகிறது. தற்கொலைக்கு முயன்றவரைக் குற்றவாளியாக்காமல், கடும் மனநெருக்கடியில் இருந்தவராகவே கருத வேண்டும் என்கிறது.

குடும்பத்தாரை மிகவும் வாட்டும் பிரச்சினை, நோயாளி வர மறுப்பதே. தனக்கு நோயில்லை என்று உறுதியாக நம்புவது மனச்சிதைவின் இயல்பு. அதைப் பிடிவாதம் என்று எண்ணி வாதாடுவதில் பயனில்லை. ‘உனக்குப் பைத்தியம், வா’ என்பதைவிட, ‘ராத்திரியெல்லாம் நீ தூங்கவில்லையே, அதற்காவது டாக்டரைப் பார்க்கலாம்’ என்பது பலிக்கக் கூடும். அது பொய்யும் ஆகாது. சோற்றில் மருந்தைக் கலந்து கொடுக்கும் வழக்கம் பல வீடுகளில் உண்டு. அவர்களுடைய கையறு நிலை எனக்குத் தெரியும். ஆனால், உணவில் விஷம் என்று சந்தேகிப்பவனுக்கு ஒருநாள் அது வெளிப்பட்டால், அவன் சந்தேகத்துக்கு நாமே ஆதாரம் கொடுத்தவர்களாவோம். ஒருவர் தமக்கோ பிறருக்கோ தீங்கு செய்யக்கூடிய நிலையிலோ, தம்மைத் தாமே பேணிக்கொள்ள இயலாத நிலையிலோ இருந்தால், அவர் தம் சார்பில் பேச நியமித்த பிரதிநிதியின் விண்ணப்பத்தின் பேரில், மனநல மருத்துவர் ஒருவர் உட்பட இரு நிபுணர்கள் தனித்தனியே பரிசோதித்து, 30 நாள் வரையில் மருத்துவமனையில் அனுமதிக்கச் சட்டம் இடந்தருகிறது. நோயாளி எவரையும் பிரதிநிதியாக நியமிக்காதிருந்தால், உடனுறையும் உறவினரே அந்த ஸ்தானத்தை வகிக்கலாம். அவசர வேளையில் 72 மணி நேரம் வரை எந்தப் பதிவு பெற்ற மருத்துவரும் உடனடிச் சிகிச்சை அளிக்கலாம். தெருவில் திரியும் மனநோயாளியைக் கண்டால் பாதுகாப்பில் எடுத்துக்கொண்டு, லாக்கப்பில் அடைக்காமல், 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவ நிலையத்தில் சேர்ப்பது காவல் நிலைய அதிகாரியின் கடமை. இவ்விதிகளைக் காவலர்களே அறியாதிருப்பது உண்டு. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவசமாக உதவி கேட்கலாம்.

மருத்துவரைக் காணப் போகும்போது, அவருக்குக் கிடைக்கும் சில நிமிஷங்கள் வீணாகாதிருக்க, தூக்கம், உணவு, பேச்சு, குளியல், கோபம் இவை எந்த மாதம் முதல் மாறின என்று ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டு போவது பெரிய உபகாரம். வயோதிகர் திடீரென்று இரண்டு நாளில் குழம்பிப் பேசினால் அது மனநோயாக இருப்பதைவிடக் காய்ச்சல், சர்க்கரை, உப்புச்சத்துக் குறைவு முதலியவற்றால் வந்ததாகவே இருக்கக்கூடும். தைராய்டு சுரப்பு குறைந்தாலும் சோர்வு மனச்சோர்வைப் போலவே தோன்றும். மனச்சோர்வுக்கான மாத்திரை இரண்டு முதல் நான்கு வாரங்களுக்குப் பிறகே பலனைக் காட்டத் தொடங்கும் என்பதை முன்கூட்டிச் சொல்லாத காரணத்தால், பத்தாம் நாளிலே ‘இது கேட்கவில்லை’ என்று நிறுத்திவிட்டவர்கள் எத்தனையோ பேர். தேறிய பிறகு ‘இனி எதற்கு மாத்திரை?’ என்று நிறுத்தி மீண்டும் விழுவோர் அவர்களினும் அதிகம். கை நடுக்கம், உடல் பருத்தல், எச்சில் ஒழுகுதல் ஆகிய பக்கவிளைவுகளை மறைக்காமல் சொன்னால் மருந்தை மாற்றவோ குறைக்கவோ வழியுண்டு. தினமும் விழுங்க மறுப்பவர்களுக்கு மாதம் ஒருமுறை போடும் ஊசியும் உண்டு. ‘இங்கிலீஷ் மருந்து சூடு’ என்று அஞ்சுவோர்க்கு ஒரு செய்தி: நம் நாட்டுச் சர்ப்பகந்தா வேர் சித்தப் பிரமைக்கும் ரத்தக் கொதிப்புக்கும் உதவுவதைக் கணநாத் சேன், கார்த்திக் போஸ் என்னும் இரு வங்காள மருத்துவர் 1931இலேயே எழுதினார்கள், பின்னர் அதிலிருந்து பிரித்த ரத்தக் கொதிப்பு மருந்தே சிலருக்கு மனச்சோர்வை உண்டாக்கியதாகவும் மருத்துவர்கள் குறித்து வைத்தார்கள். மூலிகை என்பதால் மட்டும் எதுவும் சாதுவாகிவிடுவதில்லை.

‘செத்துப் போகலாம் போலிருக்கிறது’ என்று ஒருவர் சொன்னால், அதைப் பற்றி நேராகக் கேட்பது அந்த எண்ணத்தை விதைத்துவிடும் என்று வீட்டார் பயப்படுகிறார்கள். அந்தப் பயத்துக்கு ஆதாரமில்லை. கேட்டவரிடம் மனத்தைக் கொட்டிய பிறகு பாரம் குறைவதே அனுபவம். 1986 முதல் சென்னையில் ‘ஸ்நேகா’ என்னும் தற்கொலைத் தடுப்பு அமைப்பின் தொண்டர்கள் செய்துவரும் பணி இவ்வாறு காதுகொடுத்துக் கேட்பதே. அதை நிறுவிய டாக்டர் லட்சுமி விஜயகுமார், காட்டுமன்னார்கோயில் வட்டாரத்துக் கிராமங்களில் பூச்சிமருந்தை வீட்டில் வைக்காமல் பொதுவிடத்தில் பூட்டிய பெட்டகங்களில் வைக்கச் செய்து பார்த்தார். ஆத்திரத்தின் வேகம் பெரும்பாலும் சிறு பொழுதே நிற்கும். அந்தப் பொழுதில் கையெட்டும் தூரத்தில் நஞ்சு இல்லாதிருப்பது, ஆயிரம் புத்திமதியைவிடப் பெரிய காவல்.

துணைக்கு வந்தவரையே நோயாளியாக்கிவிடும் நோய் இது. நோயாளிக்காக வேலையை விட்டவர், உறவினர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போவதை நிறுத்தியவர், தம் ரத்தக் கொதிப்புக்கு மாத்திரை வாங்கப் பணமில்லாதவர் என்று எண்ணிப் பார்த்தால், அவர்களுள் பெரும்பாலோர் பெண்களே. சென்னையில் ‘ஆஷா’ என்னும் பெயரில் மனச்சிதைவு நோயாளிகளின் குடும்பத்தார் தாமே ஒன்றுகூடி ஒரு சங்கம் அமைத்துக்கொண்டார்கள். அத்தகைய கூட்டங்களில் பேசப்படுபவை பெரிய தத்துவங்கள் அல்ல. எந்த மருந்துக் கடையில் எது கிடைக்கிறது, தங்கையின் கல்யாணத்துக்கு முன் மாப்பிள்ளை வீட்டாரிடம் எதை எப்போது சொல்வது, மகன் சிகரெட்டுக்குப் பணம் கேட்டால் எவ்வளவு கொடுப்பது என்பன போன்ற சில்லறை விஷயங்களே. மருத்துவர் எவரும் விடை சொல்லாத அந்தச் சில்லறைக் கேள்விகளுக்கு, இருபது வருஷம் அதே பாதையில் நடந்த மற்றொரு தாய் விடை சொல்கிறாள். ஒவ்வொரு தாலுகாவிலும் மாதம் ஒருமுறை இப்படி ஒரு கூட்டம் நடக்க ஓர் அறையும், நோயாளிகளை அந்த இரண்டு மணி நேரம் பார்த்துக்கொள்ள ஒருவரும் போதும். இதற்குப் பெரிய மூலதனம் வேண்டியதில்லை.

குடும்பமே இல்லாதவர்களை மறந்துவிடலாகாது. 1993இல் வந்தனா கோபிகுமார், வைஷ்ணவி ஜெயகுமார் என்னும் இரண்டு இளம்பெண்கள் தெருவில் அலைந்த மனநோயுற்ற பெண்களுக்காகத் தொடங்கிய ‘பான்யன்’ நிறுவனம், அப்பெண்களைத் தேறச் செய்து ஊர்ப் பெயரைக் கேட்டறிந்து வீடு சேர்த்தது. வீடு ஏற்காத அல்லது வீட்டுக்குப் போக விரும்பாத பெண்களை, சாதாரணத் தெருவில் சாதாரண வாடகை வீட்டில், நாலைந்து பேராகச் சேர்ந்து சமைத்து உண்டு வாழ வைத்தது. உறவினரல்லாதோர் ஒன்றுகூடிக் குடும்பமாக வாழலாம் என்று காட்டிய இந்த ஏற்பாடு, நான் இறுதியாகச் சொல்ல வேண்டிய விஷயத்துக்கு என்னைக் கொண்டுவருகிறது.

வயதான பெற்றோர் எவரிடம் பேசினாலும் கடைசியில் வந்து நிற்கும் கேள்வி, ‘எங்களுக்குப் பிறகு யார்?’ என்பதே. 1987ஆம் ஆண்டுச் சட்டத்தில், மனநோயாளியின் சொத்தை நிர்வகிக்க மாவட்ட நீதிமன்றம் ஒருவரை நியமிக்க வகை இருந்தது. 2017ஆம் ஆண்டுச் சட்டத்தில் அந்த அத்தியாயம் இல்லை. 1999ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டம் அறிவு வளர்ச்சிக் குறைபாடு, ஆட்டிசம், மூளை முடக்குவாதம் முதலியவற்றுக்குக் காப்பாளரை நியமிக்கிறதேயன்றி, மனநோய் அதில் சேரவில்லை. ஆகவே, சொத்தை விற்றோ வங்கிப் பணத்தை எடுத்தோ நோயாளியைப் பராமரிக்க வேண்டிய குடும்பங்கள் உயர் நீதிமன்றத்தை நாட வேண்டியிருக்கிறது. நோயாளியின் சுதந்திரத்தைக் காக்கும் நல்லெண்ணத்தோடு எழுதப்பட்ட சட்டம், அவருடைய சோற்றுக்கு வழி செய்வதை வழக்கறிஞரின் கட்டணத்தோடு பிணைத்துவிட்டது என்பது என் அபிப்பிராயம்; நாடாளுமன்றத்தார் இதைத் திருத்தியே ஆகவேண்டும்.

அதுவரையில் பெற்றோர் செய்துவைக்கக் கூடியவை சில உண்டு. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் மனநோயும் ஓர் ஊனமாக ஏற்கப்பட்டிருப்பதால், நூற்றுக்கு 40க்குக் குறையாத பாதிப்பு உண்டென்று அரசு மருத்துவக் குழு சான்று அளித்தால், அதைக்கொண்டு அடையாள அட்டை பெறலாம். வருமான வரியிலும் சலுகை உண்டு. பெற்றோருள் ஒருவர் அரசாங்க உத்தியோகத்தில் இருந்து ஓய்வு பெற்றவராயின், மனநோயால் சம்பாதிக்க இயலாத மகனுக்கோ மகளுக்கோ ஆயுள் முழுவதும் குடும்ப ஓய்வூதியம் பெற விதி இருக்கிறது. மத்திய அரசு ஓய்வூதியர் தம் வாழ்நாளிலேயே அப்பிள்ளையின் பெயரை ஓய்வூதிய ஆணையில் சேர்க்கச் செய்யலாம்; தமக்குப்பின் அத்தொகையைப் பெற்றுச் செலவிட வேண்டியவர் இன்னார் என்று நியமித்தும் வைக்கலாம்; அவ்வாறு நியமனம் இருந்தால், நீதிமன்றத்துக் காப்பாளர் சான்றைக் கேட்டு அலுவலகம் வற்புறுத்தலாகாது என்பது விதி. இதைச் செய்யாமல் காலஞ்சென்றவர்களின் பிள்ளைகள், சான்றிதழ்களைத் தூக்கிக்கொண்டு அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்க வேண்டியிருக்கிறது; ஏறி இறங்கும் தெம்புதான் அவர்களிடம் இல்லை. பெயர் சேர்ப்புக்கும் நியமனத்துக்கும் உரிய விண்ணப்பத்தை நிரப்பக் கற்றுக்கொண்ட நாலு மாணவர்கள், ஓய்வூதியர் சங்கக் கட்டிடத்தில் சனிக்கிழமை காலை ஒரு மேஜையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தால், இந்தச் சொற்பொழிவை ஏற்படுத்திய அறக்கட்டளையின் அடுத்த ஆண்டு வருவாயிலிருந்து அவர்களுடைய பஸ் செலவையும் காகிதச் செலவையும் கொடுத்துவிடலாம் என்று நிர்வாகக் குழுவினருக்கு விண்ணப்பித்துக்கொள்கிறேன்.